பலகைத் தரை

தகரப் பட்டறையில் பேச்சு என்பது வாயால் நடக்கிற காரியம் இல்லை. காலை முதல் பொழுது சாயும் வரை மரச்சுத்தி தகரத்தை அறைந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் ஒருவன் தொண்டையைத் திறந்து கத்துகிறான் என்றால் அவன் புது ஆள். பழகியவர்கள் காலால்தான் கூப்பிடுவார்கள். தரை முழுக்கப் பலகை. குதிகாலை அழுத்தி ஒரு தட்டுத் தட்டினால் அந்த அதிர்வு பலகை வழியாக ஓடி மற்றவர் பாதத்தில் ஏறும். அவர் நிமிர்ந்து பார்ப்பார். அதன் பிறகு கை பேசும். இரண்டு விரலை ஆட்டினால் கத்தரியை எடு. விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பிட வா. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கினால் உட்கார், பொறு, கோபப்படாதே என்று மூன்றுக்கும் அது ஒன்றுதான்.

பட்டறைக்காரர், அவர் மனைவி, அவருடைய தம்பி என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். பட்டறைக்காரர் தகரத்தை அளந்து வெட்டுவார், ஈயம் வைத்துப் பற்றவைப்பார். தம்பி அடித்து வளைப்பான். விளிம்பு மடக்குவது மனைவியின் வேலை. வெட்டிய தகரத்தின் ஓரம் கத்தியைவிடப் பொல்லாதது. அதை உள்பக்கமாக ஒரு மடி மடக்கி, தட்டித் தட்டிப் படியவைத்து, கடைசியில் தன் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பாள். தடவும்போது, ‘இதைத் தூக்குகிற கை கீறாமல் இருக்கட்டும், கடவுளே’ என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். வாளிக்கும் சொல்வாள், புனலுக்கும் சொல்வாள், பூவாளிக்கும் சொல்வாள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் தெருக் கூட்டுகிற அம்மாள் ஒரு வெள்ளை நாயைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். நாய்க்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண்ணெய் டின் இருந்தது. நாக்கை விட்டு நக்கப் போய், கழுத்து வரை மாட்டிக்கொண்டிருந்தது. விலா எலும்பை எண்ணலாம்.

“ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலாம்னு பாத்தேன். அப்புறம் தோணுச்சு, இது டாக்டர் வேலை இல்ல, உங்க வேலைன்னு” என்றாள் அந்த அம்மாள்.

தம்பி பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டான். மனைவி உடம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டறைக்காரர் சின்னக் கத்தரியை எடுத்து, டின்னின் வாயிலிருந்து முகச்சவரம் செய்கிற நிதானத்தோடு வெட்டிக்கொண்டே போனார். தகரம் இரண்டாகப் பிளந்து விழுந்தது. ஒரு மயிர்கூட வெட்டுப்படவில்லை. நாய் ஓடவில்லை. எண்ணெய் வழிகிற முகத்தோடு உட்கார்ந்து பட்டறைக்காரரின் முகத்தையே பார்த்தது.

“அண்ணி, டப்பாவத் திறந்தாச்சு. உள்ள ஒரு நாய் இருக்கு” என்றான் தம்பி.

டப்பா என்றே பெயர் நிலைத்தது.

டப்பா பட்டறையின் பாஷையை ஒரு வாரத்துக்குள் பிடித்துக்கொண்டது. காலைத் தட்டினால் நிமிரும். விரலைக் குவித்தால் சாப்பிட வரும். உள்ளங்கையை அமுக்கினால் உட்காரும். இடி விழுகிற மாதிரி சுத்தி அடிக்கும்போது அதன் பக்கத்திலேயே காலை நீட்டிப் படுத்துத் தூங்கும். “என்ன தைரியம் பாரு! நெஞ்சுல பயமே இல்லாத ஜாதி” என்று வருகிறவர்களிடமெல்லாம் தம்பி பெருமை பேசினான். மத்தியானம் மூவரும் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட உட்காரும்போது நாலாவது தட்டும் விழும்.

ஆனால் பட்டறை நாய்க்கு ஆகிற இடம் இல்லை. எவ்வளவு கூட்டினாலும் பலகை இடுக்குகளில் தகரச் சில்லுகள் மிஞ்சும். முன்னங்கால் பாதம் இரண்டு முறை கிழிந்தது. இரண்டு முறையும் ஒரே இடத்தில் தையல். மாடியில் ஒற்றை அறைதான் வீடு. அதற்கு ஏற இரும்பு ஏணி. டப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும்.

“இன்னொரு தடவ அங்கேயே கிழிஞ்சா நரம்பு போயிடும். அப்புறம் மூணு கால்தான். பாசம் இருந்தா வேற நல்ல எடமாப் பாத்துக் குடுங்கம்மா” என்றாள் மிருக டாக்டர்.

மனைவி அன்று ஏணியில் நாயைத் தோளில் சுமந்து ஏறும்போதே கடவுளிடம் ஒரு வாக்குக் கொடுத்தாள். நல்ல வீடு பார்த்துக் கொடுப்பேன், கண்ட இடத்தில் தள்ளிவிட மாட்டேன் என்று.

முதலில் வந்து கேட்டவர் ரேடியோ என்று ஊர் பட்டப்பெயர் வைத்திருந்தவர். ஊருக்கு வெளியே நாற்றுப்பண்ணை வைத்திருந்தவர். வாய் ஓயாத மனிதர். சம்சாரம் போன பிறகு தனியாள். பூவாளி ரிப்பேர் என்று அவர் தெருமுனையில் தலைகாட்டினாலே எதிர்க்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். பட்டறையில் மட்டும்தான் தப்பிக்க வழி இல்லை. சுத்திச் சத்தத்துக்கு மேல் பேசக்கூடிய ஒரே ஆள் அவர்.

“மேஸ்திரி, பூவாளி மூக்கு ஒழுகுது. நீங்க வச்ச ஈயப் பத்து நல்ல பத்துதான். நாந்தான் கீழ போட்டுட்டேன். எப்படிப் போட்டேன்னு கேளுங்க.”

யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னார்.

“பாத்திக்கு நடுவுல பூராப் பலகை போட்டு வச்சிருக்கேன்ல, சேத்துல கால் பொதையாம இருக்க? அதுல ஒண்ணு உக்கிப்போய்க் கெடந்துச்சு. அதுமேல போய்க் கால வச்சேன் பாருங்க, நான் ஒரு பக்கம், பூவாளி ஒரு பக்கம்! அட, இது யாரு புது ஆளு?”

டப்பா அவர் எதிரில் வந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது.

“டப்பாவா பேரு? என்னைய ரேடியோங்கறாங்க, உன்னைய டப்பாங்கறாங்க. ரெண்டும் ஒண்ணுதான்டா. தங்கச்சி, வேற எடம் பாக்குறீங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்குக் குடுங்களேன். எல்லாம் மண்ணு. கால்ல குத்த ஒரு ஆணி கெடையாது.”

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் தகரத்தைப் பார்த்தார். ரேடியோவின் முதுகுக்குப் பின்னால் நின்ற தம்பி இரண்டு கைகளையும் கூப்பி, தலையை ஆட்டி, கழுத்தை அறுத்துக்கொள்வது போலக் காட்டினான்.

“ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டோமேண்ணே” என்றாள் அவள்.

“அப்படியா? சரி சரி. வாக்குன்னா வாக்குதான். தப்பக் கூடாது” என்று அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கதைக்குப் போனார். பூவாளியை எடுத்துக்கொண்டு அவர் தெருமுனை திரும்பியதும் தம்பி மூச்சுவிட்டான்.

“பாவம் அண்ணி அது. டின்னுல மாட்டினப்பக் கூடத் தப்பிச்சிருச்சு. இவர் வாயில மாட்டினா தப்பிக்காது. காது ஓட்டையாகியே செத்துரும்.”

மூவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அன்று வாளி விளிம்பைத் தடவும்போது வழக்கமான வார்த்தை வரவில்லை. யாருக்கும் கொடுக்காத வாக்கைக் கொடுத்ததாகச் சொன்னது மனதில் சில்லுப் போலக் குத்திக்கொண்டிருந்தது.

டப்பாவை முதலில் பாத்திரக்கடைக்காரர் கூட்டிக்கொண்டு போனார். காவலுக்குத் தைரியமான நாய் வேண்டும் என்றார். சீக்கிரமே திருப்பிக் கொண்டுவந்தார்.

“இது நாயா, தலகாணியா? ஒருத்தன் பூட்ட ஒடச்சு உள்ள வந்து பெரிய அண்டாவத் தூக்கியிருக்கான். கை நழுவி அது படியில உருண்டுச்சு. நான் முழிச்சேன், எதிர்வீடு முழிச்சுச்சு, தெருவே முழிச்சுச்சு. இது முழிக்கல!”

“ஆள் தைரியசாலிங்க. இதுக்கெல்லாம் எந்திரிக்குமா?” என்றான் தம்பி.

“தைரியசாலிய நீங்களே வச்சுக்கங்க.”

அடுத்தது டீச்சர். டைல்ஸ் போட்ட சுத்தமான வீடு, சுற்றுச்சுவர், ஒரு மரம். நல்ல மனுஷி. இது கடவுள் காட்டிய வீடு என்றே மனைவி நினைத்தாள். அங்கிருந்தும் டப்பா வந்துவிட்டது. டீச்சர் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

“நான் நாய்க்கு விரோதி இல்ல, தெரியும்ல? எத்தன தடவ பேர் சொல்லிக் கூப்பிட்டேன்! திரும்பிக்கூடப் பாக்காது. அவ்வளவு திமிரு. அதக்கூடப் பொறுத்துக்குவேன். நேத்து தூங்கிட்டிருக்கும்போது எம் பொண்ணு பின்னாலேர்ந்து போய் முதுகத் தடவினா. வெடுக்குனு திரும்பிக் கவ்விருச்சு.”

“ஐயோ! பல்லு பட்டுச்சா?”

“சட்டைக் கையோட போச்சு, கடவுள் புண்ணியம். நாளைக்கு வேற பிள்ள மேல பட்டா? பக்கத்து வீட்டுக்காரர் நாய் பிடிக்கிற நகராட்சி வண்டியக் கூப்பிடப் போறேன்னு நின்னாரு. நாந்தான் வேண்டாம்னு தடுத்துக் கூட்டிட்டு வந்தேன். கடிக்கிற நாய்னு பேர் விழுந்துட்டா அப்புறம் யாரு சேப்பாங்க? அந்த வண்டியில போன நாய் எதாவது திரும்பி வந்திருக்கா?”

பட்டறைக்காரருக்குக் கோபம் வந்தது. அதிகம் பேசாதவர், அன்று பேசினார்.

“எங்ககிட்ட ஒரு நாளும் பல்லக் காட்டினதில்லையே டீச்சர். சொன்ன சொல் கேக்கும். பாருங்க.”

காலால் ஒரு தட்டுத் தட்டினார். டப்பா நிமிர்ந்தது. விரலை வளைத்தார். ஓடி வந்தது. உள்ளங்கையை அமுக்கினார். உட்கார்ந்தது. டீச்சரின் முகம் சிவந்துபோயிற்று.

“அப்ப எங்க வீட்டுலதான் ஏதோ குறை போல” என்று சொல்லிவிட்டுப் போனாள். பட்டறையிலும் அன்று முழுக்க அதைத்தான் நம்பினார்கள்.

வார விடுமுறை நாளில் பட்டறை வாய் மூடிக் கிடக்கும். அன்று பின்கட்டில் குழாயடியில் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பின்கட்டு மட்டும் சிமெண்டுத் தரை. டப்பா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் படுத்திருந்தது. கண் மூடவில்லை, சுவரில் ஊர்கிற எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“டப்பா” என்றாள்.

காது அசையவில்லை.

“டேய் டப்பா!”

வாளியைத் தட்டினாள். கைதட்டினாள். டீச்சர் சொன்ன திமிர் இதுதானோ என்று ஒரு கணம் நினைத்தாள். எழுந்து, ஈரக் கையை உதறிக்கொண்டு, பட்டறைக்குள் போகிற வாசலில் பலகை மேல் நின்று அங்கிருந்து கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை. காலைத் தட்டினாள். சிமெண்டில் கிடந்த நாய்க்கு அது போய்ச் சேரவில்லை.

அவள் அதைத் தூக்கி வந்து, பலகை மேல் முகத்தை மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்தாள். தூரப் போய் உரக்கக் கூப்பிட்டாள். நாய் எறும்பைக் காணாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு, குதிகாலால் மெதுவாக, மிக மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள்.

டப்பா உடனே திரும்பி அவள் முகத்தைப் பார்த்தது.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். தைரியம் என்று இவர்கள் கொண்டாடியது, தலையணை என்று பாத்திரக்கடைக்காரர் திட்டியது, திமிர் என்று டீச்சர் சொன்னது எல்லாம் ஒன்றுதான். சுத்தியின் ஓயாத அதிர்வு அதற்குப் பழகிப்போனது; பட்டறையில் யார் கிட்டே வந்தாலும் பலகை முன்கூட்டியே சொல்லிவிடும். டைல்ஸ் தரை ஒன்றும் சொல்லாது. தூங்குகிற நாயின் முதுகில் எங்கிருந்தோ ஒரு கை விழுந்தால் அது என்ன செய்யும்?

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் ஒரு முறை செய்து பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

“இத்தன மாசமாக் கூடவே இருக்கு. நமக்குத் தெரியலையே.”

“நம்ம எங்கங்க அதக் கூப்பிட்டோம்? தட்டித்தானே பழக்கம்.”

“அதுவும் சரிதான். இந்தப் பட்டறையில யாருக்குத்தான் முழுசாக் கேக்குது?” என்றார் அவர். பாதி வேடிக்கை, பாதி வேடிக்கை இல்லை.

மிருக டாக்டர் நாயின் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தாள். “பிறவியிலேயே கேக்காதுன்னு நெனைக்கிறேன். முழு வெள்ளையா இருக்கிறதுல சிலதுக்கு இப்படி இருக்கும். என் மேசையும் மரமேசை. நான் கிட்ட வந்தாலே நிமிர்ந்து பாக்கும், நானும் சந்தேகப்படல. இதுக்கு ஏத்த வீடு கெடைக்கிறது கொஞ்சம் கஷ்டம்தாம்மா.”

மனைவி டீச்சர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். “கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு எனக்கு. அது பாட்டுக்கு என்ன நெனைச்சுச்சோ” என்றாள். மறுபடி எடுத்துக்கொள்ளப் பிள்ளையின் பயம் விடவில்லை. ஆனால் டப்பாவுக்கு என்று வாங்கிய போர்வையைத் துவைத்து மடித்துக் கையில் கொடுத்தனுப்பினாள்.

அதற்குள் முன்னங்கால் தையல் ஓரத்தில் மறுபடி லேசாகக் கீறல். பட்டறைக்காரர் துணியைச் சுற்றிக் கட்டினார். நாய் அதைக் கடித்து எடுத்துப் போட்டது. இனி யாரிடம் போய்க் கேட்பது? காது கேட்காது, தொட்டால் கடிக்கும் என்று சொல்லிக் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? சொல்லாமல் கொடுத்தால் நகராட்சி வண்டிதான்.

அன்று வேலைக்கு நடுவே விளிம்பைத் தடவிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. பூவாளி. ரேடியோ சொன்னாரே, ‘பாத்திக்கு நடுவுல பூராப் பலகை.’

காலைத் தட்டினாள். மற்ற இருவரும் நிமிர்ந்தார்கள். நாயும் நிமிர்ந்தது.

“ரேடியோ அண்ணங்கிட்டப் போவோம்.”

“அண்ணி!” என்றான் தம்பி. “அவருக்கு வேண்டியது பேச்சக் கேக்குற ஆளு. இதுக்குக் காதே இல்ல. கடைத்தெருவுலயாவது நாலு காது கெடைக்கும் அவருக்கு.”

“மறைக்காமச் சொல்லுவோம். வேணாம்னா திரும்பி வருவோம். அன்னைக்கு ஒரு பொய் சொன்னேன்ல, அதையும் சொல்லிட்டு வந்துடறேன்.”

பண்ணையில் மழை ஈரம் இன்னும் காயவில்லை. பாத்தி பாத்தியாக நாற்று. நடுவில் நீளநீளமாகப் பலகைப் பாதை. டப்பாவின் கால் முதல் பலகையில் பட்டதும் அது நின்றது. அதே நேரம் எங்கோ உள்ளே ஒருவர் நடந்து வருகிற அதிர்வு அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். செடிகளுக்கு அப்பால், ஆள் கண்ணில் படுவதற்கு முன்பே, அந்தப் பக்கம் திரும்பி வாலை ஆட்டியது.

“வாங்க வாங்க! குடும்பமே வந்திருக்கு! மழையில நாத்து பாதி அழுகிப்போச்சு, மீதியப் பாருங்க எப்படி...”

“அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. நான் ஒண்ணு சொல்லணும்” என்றாள் மனைவி. “அன்னைக்கு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டோம்னு சொன்னது பொய்.”

ரேடியோ சிரித்தார். “தெரியும் தங்கச்சி. உங்க கொழுந்தன் கழுத்த அறுத்துக்கிட்டது எதிர்ல சாத்தி வச்சிருந்த புதுத் தகரத்துல நல்லாத் தெரிஞ்சுச்சு.”

தம்பி சேற்றைப் பார்த்தான்.

“இப்ப குடுக்கலாம்னு வந்தோம். ஆனா அதுக்குக் குறை ஒண்ணு இருக்கு. காது கேக்காது. பிறவியிலேயே.”

“அப்ப... நான் பேசுறது?”

“ஒண்ணும் கேக்காதுண்ணே.”

அவர் பேசவில்லை. மூவரும் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. கையிலிருந்த பூவாளியின் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சரி, கூட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான் என்று மனைவி கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள்.

டப்பா பலகை மேல் நடந்து போய் அவர் எதிரில் உட்கார்ந்தது. அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தது. முகம் அசைந்தால் அடுத்து கை ஏதோ சொல்லும் என்பது அதற்குத் தெரிந்த பாடம். காத்துக்கொண்டிருந்தது.

“என்னடா பாக்குற?” என்றார் அவர்.

டப்பா பார்த்தது.

“இதோ பாரு, இது மிளகா நாத்து. இது கத்திரி. கத்திரிக்குத் தண்ணி ஜாஸ்தி விடக் கூடாது, அழுகிடும். எஞ் சம்சாரம் இருந்தப்ப அவதான் இதெல்லாம் பாத்துக்குவா. நான் சொல்றதக் காதுலயே போட்டுக்க மாட்டா. அடுப்பப் பாத்துக்கிட்டே ம்ம், ம்ம்னுவா...”

அவர் பேசிக்கொண்டே போனார். நாயின் கண் அவர் முகத்தை விட்டு அப்பால் போகவில்லை. ஒரு கதை முடிந்து அடுத்த கதை தொடங்கியது. அது கொட்டாவி விடவில்லை, எழுந்து போகவில்லை, வேலை இருக்கிறது என்று சொல்லவில்லை.

“இருக்கட்டும் தங்கச்சி. கேக்கலன்னா என்ன? இது மூஞ்சியப் பாத்துல்ல உக்காந்திருக்கு.”

மனைவி பட்டறைப் பாஷையை அவருக்குக் கற்றுக்கொடுத்தாள். தூங்கும்போது பின்னாலிருந்து தொடக் கூடாது; பலகையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, எதிரே போக வேண்டும். சாப்பிட வா என்பதற்கு இப்படி. உட்கார் என்பதற்கு இப்படி. அவருக்குக் கை வந்தால் வாய் நின்றது. வாய் வந்தால் கை மறந்தது. ‘வா’ என்பதற்குப் பதில் ‘உட்கார்’ என்றார். டப்பா உட்கார்ந்தது. “அட, சொன்னதக் கேக்குதே!” என்று அவர் சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். டீச்சர் கொடுத்த போர்வையை அவர் கட்டிலடியில் விரித்துப் போட்டாள். பட்டறைக்காரர் பலகைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போய், துருத்திக்கொண்டிருந்த இரண்டு ஆணிகளைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கிளம்புகிற நேரம். ரேடியோ ஒரு பாத்தியோரம் உட்கார்ந்து, பெருமழையில் பண்ணைச் சுவர் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். டப்பா எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசல் வரைக்கும் பலகைப் பாதைதான். மனைவி ஓரடி வைத்தாள். நாயின் முதுகு லேசாக அசைந்தது. அவள் காலை எடுத்துவிட்டாள். ஒரு தட்டுப் போதும். திரும்பி ஓடி வந்துவிடும்.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பலகையை விட்டுச் சேற்றில் இறங்கினாள். கணுக்கால் வரை புதைந்தது. பட்டறைக்காரர் அதைப் பார்த்தார். தானும் செருப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். தம்பி வாயைத் திறந்து ஏதோ கேலி சொல்ல வந்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டான்.

மூவரும் பலகையைத் தொடாமல் சேற்றிலேயே நடந்து வாசலுக்குப் போனார்கள். சுவர் விழுந்த கதை அவர்கள் பின்னாலேயே வந்தது. சுவர் விழுந்தது, எருமை ஒன்று உள்ளே புகுந்தது, நாற்றையெல்லாம் தின்றது. யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகும் தம்பி ஒரு காலில் நின்றபடி, அந்த எருமை கடைசியில் என்ன ஆயிற்று என்று காது கொடுத்துக்கொண்டிருந்தான்.